பள்ளிக்கூடம் தேடும் தாய்



பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்புமுன்னரே ஒவ்வொரு வீட்டிலும் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு: "இவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" தந்தை ஒரு பள்ளியின் பெயரைச் சொல்வார், தாய் வேறொன்றை நினைத்திருப்பார், வீட்டருகே இருப்பதே போதும் என்பார் பாட்டி. இக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பை அரசே முழுவதுமாகப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டால் எவ்வாறு இருக்கும்? "உங்கள் பிள்ளைக்கு ஏற்ற பள்ளியை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள், செலவை நாங்கள் ஏற்கிறோம்" என்று சொல்லிவிட்டால்? கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அவ்வாறு சொல்லிய நகரம் ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அந்நகரத்துக் குடும்பங்கள் கண்ட நன்மையையும் பட்ட துன்பத்தையும் இத்திங்கள் நாம் சற்று நின்று நோக்குவோம்.

அந்நகரம் லூயிசியானா மாநிலத்தைச் சேர்ந்த நியூ ஆர்லியன்ஸ். நம் திருச்சபைக்குப் பழைய உறவுள்ள ஊர் அது. உர்சுலா சபைக் கன்னியர் 1727-ஆம் ஆண்டிலேயே அங்கு வந்திறங்கிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. பிற மாநிலங்கள் மாவட்டம் என்று வழங்குவதை லூயிசியானா மக்கள் இன்றளவும் 'பங்கு' என்றே வழங்குகின்றனர். நகரத்தின் கல்விக் குழுவுக்கும் ஆர்லியன்ஸ் பங்குப் பள்ளிக் குழு என்பதே பெயர். கத்தோலிக்க மணம் கமழும் பெயர்களுக்கு அங்குக் குறைவில்லை.

ஆயினும் பள்ளித் தேர்வு என்னும் சொல்லுக்கு அவ்வூரில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1960 நவம்பர் 14-ஆம் நாள் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர்க்கே உரியதாயிருந்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்குள், கூட்டாட்சி அரசின் காவலர் சூழ நடந்து சென்றாள். உடனே வெள்ளையர் தம் பிள்ளைகளை அப்பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு போயினர். அவ்வாண்டு முழுவதும் ஒரே ஓர் ஆசிரியை, அந்த ஒரே ஒரு சிறுமிக்குத் தனியே பாடம் நடத்தினார். பெற்றோர் தம் விருப்பப்படி பள்ளியைத் தேர்ந்துகொண்டனர் என்று இதனையும் சொல்லலாம் அன்றோ? நம் திருச்சபையும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகள் எவ்வினத்துப் பிள்ளைகளையும் ஏற்கும் என்று 1962-இல் பேராயர் ஜோசஃப் ரம்மல் அறிவித்தபோது, அதனை வெளிப்படையாக எதிர்த்து நின்ற கத்தோலிக்கர் மூவரை அவர் திருச்சபையினின்று விலக்க வேண்டியதாயிற்று. தேர்ந்துகொள்ளும் உரிமை, அயலானை விட்டு விலகும் உரிமையாக எளிதில் மாறிவிடக்கூடும் என்பதை அவ்வூர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தது.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளின் பொதுவான வழக்கம் என்னவெனில், வீடு எங்குள்ளதோ அப்பகுதிப் பள்ளியிலேயே பிள்ளை படிக்க வேண்டும் என்பதாம். வசதியுள்ளோர் நல்ல பள்ளி இருக்கும் பகுதிக்கு வீடு மாறிச் செல்வர். அல்லது கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியை நாடுவர். வசதியற்றோர்க்கு முகவரியே தலைவிதியாயிற்று. இந்நிலையை மாற்றவே 'சார்ட்டர் பள்ளி' என்னும் முறை பிறந்தது. மினசோட்டா மாநிலம் 1991-இல் இதற்கென முதற்சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதற்பள்ளி திறக்கப்பட்டது. அரசுப் பணத்தில் இயங்கும் பள்ளி; கட்டணம் இல்லை; சமயபோதனை இல்லை; ஆனால் நிர்வாகம் அரசின் கையில் இராது. ஒரு தனிக்குழு அரசோடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு பள்ளியை நடத்தும். ஆசிரியரை நியமிப்பதும் பாடமுறையை வகுப்பதும் அக்குழுவின் பொறுப்பு. பிள்ளைகள் கற்றுத் தேறினால் ஒப்பந்தம் நீளும். தேறாவிடில் பள்ளி கைமாறும், அல்லது மூடப்படும். இந்த ஒப்பந்தத்துக்கே சார்ட்டர் என்று பெயர்.

பிற நகரங்களில் இப்பள்ளிகள் பழைய பள்ளிகளோடு அருகருகே வளர்ந்தன. நியூ ஆர்லியன்ஸிலோ நகரம் முழுவதுமே இம்முறைக்கு மாறிற்று. 2005 ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரீனாப் புயல் தாக்கி, வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. மக்கள் சிதறினர், பள்ளிகள் அழிந்தன. புயலுக்கு முன்பும் அப்பள்ளிகள் நல்ல நிலையில் இருந்தன என்று சொல்வதற்கில்லை. சேர்ந்த மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேரே உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்தனர். நிர்வாகத்தில் ஊழல் மலிந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் மாநிலச் சட்டமன்றம், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை உள்ளூர்க் குழுவிடமிருந்து எடுத்து மாநிலத்தின் மீட்புப் பள்ளி நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அந்நிர்வாகம் அவற்றை ஒவ்வொன்றாகச் சார்ட்டர் குழுக்களுக்கு அளித்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியரும் ஊழியரும் வேலை இழந்தனர். 2018-இல் பள்ளிகளின் மேற்பார்வை மீண்டும் உள்ளூர்க் குழுவிடம் வந்தது. எனினும் நிர்வாகம் தனிக்குழுக்களிடமே இருந்தது. 2019-இல், அரசே நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றுகூட இல்லாத முதற்பெருநகரமாக நியூ ஆர்லியன்ஸ் ஆயிற்று.

இனி, ஒரு தாயை நாம் எண்ணிப் பார்ப்போம். அவருக்குப் பெயர் வேண்டாம். அந்நகரில் அவரைப் போன்றோர் பல்லாயிரவர். உணவு விடுதியில் மாலை வேலை. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. வீட்டுக்கு எதிரே ஒரு பள்ளி இருக்கிறது. ஆனால் வீடு எதிரே இருப்பதனால் மட்டும் அங்கே இடம் உறுதியன்று. 2012 முதல் நகரமெங்கும் ஒரே பொது விண்ணப்பம் வழங்கப்பட்டு வருகிறது. அதில் தாம் விரும்பும் பள்ளிகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். பின்னர் நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத் என்னும் பொருளியல் அறிஞரும் அவரோடு பணியாற்றியோரும் ஆராய்ந்து வகுத்த முறையைத் தழுவி, கணிப்பொறி பிள்ளைகளைப் பள்ளிகளுக்குப் பங்கிடும். உடன்பிறந்தோர் படிக்கும் பள்ளியில் முன்னுரிமை உண்டு. அருகில் வாழ்வோர்க்கும் ஓரளவு உண்டு. இடத்தைவிட விண்ணப்பம் மிகுமாயின் குலுக்கல் எண்ணே தீர்ப்புச் சொல்லும்.

அந்தத் தாய் நள்ளிரவில் வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் விண்ணப்பத்தை விரிக்கிறார். மாநில அரசு 2011 முதல் ஒவ்வொரு பள்ளிக்கும் 'ஏ' முதல் 'எஃப்' வரை எழுத்து மதிப்பீடு அளித்து வருகிறது. 'ஏ' பெற்ற பள்ளிகள் மிகச்சில. அவற்றுள் சில தனியே தேர்வு வைத்தன. பல ஆண்டுகள் பொது விண்ணப்பத்துக்கு வெளியே தனி விண்ணப்பமும் தனி நாளும் குறித்துக்கொண்டு நின்றன. அந்நாள்களை அறிந்தவர், விடுப்பு எடுத்து அலையக்கூடியவர், படித்த உறவினர் உடையவர் ஆகியோர் வழி கண்டனர். இவரோ 'பி' பெற்ற பள்ளியைப் பார்க்கிறார். அது நகரத்தின் மறுகோடியில் உள்ளது. 'சி' பெற்றது அருகில் உள்ளது. பள்ளி முடிந்தபின் மாலை வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அங்கு உண்டு. எதனை முதலில் எழுதுவது? பிள்ளையின் படிப்பா, மாலை நேரத்தில் அவனுடைய பாதுகாப்பா? இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவதைத் தேர்வு என்று அழைப்பது சரியா?

இது நம் கற்பனை மட்டுமன்று. அந்நகரத்திலுள்ள டுலேன் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை ஆராய்ந்துள்ளனர். பெற்றோர் தேர்வு மதிப்பெண்ணை மதிக்கின்றனர். அதனோடு தூரத்தையும், மாலை நேரக் காப்பையும், விளையாட்டையும், அவ்வூருக்கே உரிய இசைக்குழுவையும் எண்ணிப் பார்க்கின்றனர். வருவாய் மிகக் குறைந்த குடும்பங்களோ, மதிப்பெண் உயர்ந்த பள்ளியைவிட அருகும் வசதியும் உள்ள பள்ளியையே பெரிதும் நாட வேண்டியவர்களாயினர். அவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்வது அநீதி. கார் இல்லாத வீட்டிலும் வேலை நேரம் நிலையில்லாத வீட்டிலும் மதிப்பீட்டு எழுத்தைவிடப் பேருந்து நேரமே உரக்கப் பேசுகிறது.

நன்மைகளை மறைப்பது நமக்கு அழகன்று. அதே பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹாரிஸ் தலைமையில் நடந்த ஆய்வுகள், சீர்திருத்தத்துக்குப்பின் மாணவர் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன எனக் காட்டின. பள்ளிப் படிப்பை முடிப்போர் நூற்றுக்கு எழுபதைக் கடந்தனர். கல்லூரி செல்வோரும் பெருகினர். பெரும்பாலும் கறுப்பின ஏழைப் பிள்ளைகள் பயிலும் ஒரு நகரத்தில் இது சிறிய பேறு அன்று. மோசமான பள்ளி ஒன்றே கதி என்றிருந்த தாய், "வேறிடம் போவேன்" என்று சொல்ல முடிந்தது. அச்சொல்லில் ஒரு மாண்பு இருக்கிறது. அதனைப் பழிப்பவர், அந்தப் பழைய பள்ளியில் தம் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் பழிக்கட்டும்.

ஆனால் அந்த நன்மைக்கு வீடுகள் கொடுத்த விலையையும் நாம் எண்ணவேண்டும். பொழுது புலருமுன் தெருமுனையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் சிறுவர் அவ்வூரில் வழக்கமான காட்சியாயினர். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரு பள்ளிகளுக்கு, இரு சீருடையில், இரு திசையில் சென்றனர். ஒரே தெருவில் விளையாடும் பிள்ளைகள் பள்ளியில் ஒருவரையொருவர் அறியாராயினர். சில பள்ளிகளில் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. தரையில் இட்ட கோட்டின்மேல் பேசாது நடக்க வேண்டும், சிறு பிழைக்கும் இடைநீக்கம் என்றெல்லாம் விதிகள் நிலவின. 2013-இல் மாணவர்களே இதனை எதிர்த்து வகுப்பைவிட்டு வெளியேறினர். மனவளர்ச்சியிலோ உடலிலோ குறையுள்ள பிள்ளைகளின் பெற்றோர்க்குப் பள்ளி தோறும் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. அவர்கள் 2010-இல் நீதிமன்றம் ஏறினர். 2015-இல்தான் உடன்பாடு ஏற்பட்டு, நீதிமன்ற மேற்பார்வை வந்தது. ஐந்து ஆண்டு என்பது ஒரு குழந்தையின் தொடக்கப்பள்ளி வாழ்வு முழுவதும் அன்றோ!

பள்ளி மூடப்படுவதும் ஒரு துன்பமே. அதிகாரிகளின் கணக்கில் அது ஒரு திருத்தம்: மூடிய பள்ளியின் பிள்ளைகள் மேலும் சிறந்த பள்ளிக்குச் சென்றபோது அவர்களின் கல்வி உயர்ந்தது என்பதும் ஆய்வில் கண்ட உண்மையே. ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்குக் கணக்குத் தெரியாது, "என் ஆசிரியை எங்கே?" என்றுதான் கேட்கத் தெரியும். புயலுக்கு முன் அந்நகரத்து ஆசிரியருள் பத்துக்கு ஏழுபேர் கறுப்பினத்தவர். பத்தாண்டுக்குள் அவர்கள் பாதிக்கும் குறைந்தனர். வேலை இழந்த அந்த ஆசிரியர்கள் தாம் கற்பித்த தெருக்களிலேயே குடியிருந்தவர்கள். பெற்றோரையும் அறிந்தவர்கள், தாத்தாவையும் அறிந்தவர்கள். பள்ளியில் தவறு செய்த சிறுவனின் செய்தி அவனுக்கு முன்பே வீடு சேர்ந்துவிடும். இந்த உறவுக்கு எந்த மதிப்பீட்டு எழுத்தும் இல்லை.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. பள்ளி தவறினால் யாரிடம் போய்க் கேட்பது? 2019-இல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அங்கியும் தொப்பியும் அணிந்து மேடையேறிய மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேர், சான்றிதழ் பெறும் தகுதியே பெறவில்லை என்பது விழாவுக்குப் பின்னர் வெளியாயிற்று. தவறு நிர்வாகத்துடையது, தண்டனை பிள்ளைகளுக்கு. கைதட்டி மகிழ்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்ட தாய்மார் நிலை யாது? "பிடிக்காவிடில் வேறு பள்ளி தேர்ந்துகொள்க" என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் விடையாகாது. பெற்றோர் பொருள் வாங்குவோராக மட்டும் கருதப்படும்போது, அவர்களுக்குக் கடை மாற்றும் உரிமை கிடைக்கிறது. அமர்ந்து பேசும் இடமும், கேள்வி கேட்கும் உரிமையும் நழுவிவிடுகின்றன.

இதனைப் பற்றி நம் திருச்சபை என்ன சொல்கிறது? இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்றும், அவர்கள் பள்ளியைத் தேர்ந்துகொள்வதில் உண்மையாகவே சுதந்திரம் உடையவராய் இருக்கவேண்டும் என்றும், அதற்குப் பொதுப்பணம் நீதியாகப் பங்கிடப்பட வேண்டும் என்றும் கற்பிக்கிறது. "உண்மையாகவே" என்பதில் நாம் ஊன்றி நிற்கவேண்டும். தாளில் எழுதப்பட்ட சுதந்திரம் வேறு. நள்ளிரவில் சமையலறை மேசையில் அமர்ந்திருக்கும் தாயின் கைக்கு எட்டும் சுதந்திரம் வேறு. பேருந்தும் நேரமும் செய்தியும் இடமும் இல்லையேல், உரிமை இருந்தும் இல்லாததே.

அங்குள்ள நம் பள்ளிகளும் இவ்வினாவுக்குப் புறம்பானவை அல்ல. லூயிசியானாவில் 2008-இல் தொடங்கிய அரசு உதவித்தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகள் பலர் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் சேர்ந்தனர். வாஷிங்டன் உயர்மறைமாவட்டமோ, நடத்தப் பணமின்றி வருந்திய தன் பள்ளிகள் ஏழினை 2008-இல் சார்ட்டர் பள்ளிகளாக மாற்ற இசைந்தது. கட்டடம் நிலைத்தது, பிள்ளைகள் நிலைத்தனர், மறைக்கல்வி பாடநேரத்தை விட்டு நீங்கிற்று. கத்தோலிக்கப் பள்ளியாகவே இருந்துகொண்டு சார்ட்டர் ஆகலாமா என்னும் வழக்கு ஓக்லஹோமாவில் எழுந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2024-இல் ஆகாது என்றது. 2025 மே திங்களில் நாட்டின் உச்ச நீதிமன்றம் நால்வர்க்கு நால்வர் எனப் பிரிந்து நின்றதால் அத்தீர்ப்பே நிலைத்தது. சட்டம் எவ்வழி சென்றாலும், நம் மனச்சான்றுக்கு உரிய கேள்வி ஒன்றே: நம் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது?

நியூ ஆர்லியன்ஸ் கதையில் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று நமக்கு ஆறுதல் தருகிறது. சார்ட்டர் பள்ளி ஒன்று ஒப்பந்தத்தை இழந்தபோது, உள்ளூர்க் குழு பல ஆண்டுகளுக்குப்பின் தானே நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றை 2024 ஆகஸ்டில் அங்குத் திறந்தது. அதற்கு லியா சேஸ் அம்மையாரின் பெயரைச் சூட்டினர். அவர் 2019-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்தவர், புகழ்பெற்ற சமையற்கலைஞர், இனச் சமத்துவத்துக்குப் போராடியோர் கூடிப் பேச உணவளித்து இடம் தந்தவர், நம் கத்தோலிக்க அன்னை. அவர் சிறுமியாயிருந்தபோது, அவருடைய சிற்றூரில் கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி இல்லை. ஆகவே பெற்றோரைப் பிரிந்து நியூ ஆர்லியன்ஸில் உறவினர் வீட்டில் தங்கிப் பயின்றார். அவர் பயின்ற புனித மரியா பள்ளி, அன்னை ஹென்றியட் டெலில் 1842-இல் நிறுவிய திருக்குடும்ப சபைக் கன்னியரால் நடத்தப்படுவது. பள்ளி தேடி ஊரைவிட்டு வந்த சிறுமியின் பெயரில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக இன்று ஒரு பள்ளி நிற்கிறது. ஒரே பள்ளியால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஆயினும், "தேர்ந்துகொள்க" என்று சொல்வதோடு நம் கடமை முடியவில்லை என்பதை அந்நகரம் ஒப்புக்கொண்டதற்கு அது ஓர் அடையாளம்.

அன்புக்குரிய பெற்றோரே, பிள்ளைக்கு நல்ல பள்ளியைத் தேடுவது பாவமன்று. அது உங்கள் கடமை. ஆனால் தேடிக் கண்டடைந்த அந்நாளில் இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் விட்டுவந்த பள்ளியில் இன்னும் எவருடைய பிள்ளைகள் இருக்கின்றனர்? அவர்களுக்காகக் குரல் கொடுக்க இனி யார் இருக்கின்றனர்? வாய் உள்ளவர் யாவரும் வெளியேறிவிட்டால், வாயற்றவர்க்கு மிஞ்சுவது மௌனமே. 1960-இல் வெறுமையான ஒரு வகுப்பறையில் தனியே அமர்ந்து எழுத்துக் கற்ற ரூபி என்னும் சிறுமியை நினைத்துக்கொள்வோம். அவள் பயின்ற அந்தக் கட்டடத்தில் இப்போது ஒரு சார்ட்டர் பள்ளி நடைபெறுகிறது. அன்று அவள் அருகே அமரத் தம் பிள்ளையை அனுப்பக்கூடிய அண்டை வீட்டார் அவளுக்கு வேண்டியிருந்தனர். அவளைப் போன்ற பிள்ளைக்கு அண்டை வீட்டாராய் இருப்பதை நாமும் தேர்ந்துகொள்ளலாம். அந்தத் தேர்வுக்கு விண்ணப்பமும் வேண்டியதில்லை, குலுக்கலும் இல்லை.